ரத்தத்தில் தோய்த்த துணியா கெரிங்சிங்?

கேள்வி: பாலித் தீவில் கெரிங்சிங் என்று ஒரு சடங்குத் துணி நெய்கிறார்களாம். அதற்கு மனித ரத்தத்தால் சாயம் ஏற்றுவார்கள் என்று படித்தேன். ஒரு துணி முடிய ஐந்து வருடம் ஆகும் என்றும் சொல்கிறார்கள். இதெல்லாம் உண்மைதானா? அந்தத் துணியை வைத்து என்ன செய்கிறார்கள்? பாலி போனால் வாங்கலாமா?

ரத்தம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதை சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. டச்சு ஆட்சிக் காலத்தில் எழுதி வைத்த குறிப்புகளில் ஏறியது, இன்று பயணக் கட்டுரைகள் வரைக்கும் வந்துவிட்டது. கெரிங்சிங்கின் சிவப்பு ஒரு மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து வருகிறது. அந்த மரம் உங்களுக்குத் தெரிந்த மரம்தான். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கும் நுணா, சில பக்கங்களில் மஞ்சணத்தி என்பார்களே, அதன் உடன்பிறப்பு. வெட்டினால் உள்ளே மஞ்சளாக இருக்குமே, அந்தக் குடும்பம். நோனிச் சாறு என்று பாட்டிலில் அடைத்து விற்கிற காயும் இதே பாலி மரத்தின் காய்தான். உள்ளே மஞ்சளாக இருக்கும் ஒரு வேர் எப்படி அவ்வளவு ஆழமான சிவப்பைத் தருகிறது என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. அந்த ஐந்து வருடக் கணக்கு கிட்டத்தட்ட உண்மை. இரண்டு வருடத்தில் முடிகிற துணியும் உண்டு, ஐந்தைத் தாண்டுகிறதும் உண்டு.

முதலில் ஊர். பாலியின் கிழக்கே கராங்காசெம் மாவட்டத்தில், சந்திதாசா கடற்கரையிலிருந்து உள்ளே கொஞ்ச தூரம் போனால், மலைகளுக்கு நடுவே மதில் சூழ்ந்த ஒரு ஊர் இருக்கிறது: தெங்கனான் பெகெரிங்சிங்கான். துணியின் பெயர் ஊர்ப் பெயருக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். வடக்கு தெற்காக மூன்று அகலமான தெருக்கள், படிப்படியாக மலையை நோக்கி ஏறும். இங்கே இருப்பவர்கள் ‘பாலி ஆகா’, அதாவது மஜபாஹித் பேரரசின் வழக்கங்கள் ஜாவாவிலிருந்து வந்து பாலியை மாற்றுவதற்கு முந்தைய பழைய முறைகளைக் கைவிடாதவர்கள். மற்ற பாலிக்காரர்கள் இறந்தவரை எரிப்பார்கள், இவர்கள் புதைப்பார்கள். ஊருக்குள்தான் திருமணம். வெளியே மணம் முடித்தால் ஊர்ச் சபையில் முழு உறுப்பினராக உட்கார முடியாது. வி. இ. கோர்ன் என்ற டச்சு அறிஞர் 1933-இல் இந்த ஊரைப் பற்றி எழுதியபோது அதைக் கிராமக் குடியரசு என்றே அழைத்தார்.

இவர்களுடைய தலைமைக் கடவுள் இந்திரன். பாலியில் மற்ற இடங்களில் சிவன், விஷ்ணு, பிரம்மா முன்னால் நிற்பார்கள், இங்கே இந்திரன். ஊர் உண்டான கதையிலும் இந்திரனின் குதிரையின் பெயர் கொண்ட ஒரு குதிரை வருகிறது. பெடஹுலு அரசனின் குதிரை காணாமல் போயிற்று. அதன் பெயர் ஒஞ்செஸ்ரவா, பாற்கடலில் பிறந்த நம் உச்சைச்சிரவஸேதான். தேடிப் போனவர்கள் அதை இந்தப் பக்கத்தில் இறந்து கிடக்கக் கண்டார்கள். அரசன் வருத்தப்பட்டாலும் தேடியவர்களுக்குப் பரிசு கொடுத்தான்: செத்த குதிரையின் நாற்றம் எதுவரை எட்டுகிறதோ அதுவரை நிலம் உங்களுக்கு. அரசனின் ஆள் மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தான், ஊர்த்தலைவர் கூடவே நடந்தார். எவ்வளவு தூரம் போனாலும் நாற்றம் விடவில்லை. தலைவர் தன் உடைக்குள் குதிரை இறைச்சித் துண்டு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார். அப்படித்தான் ஊருக்கு இவ்வளவு காடும் மலையும் வந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். பெண்களுக்கு நெசவைக் கற்றுக்கொடுத்ததும் இந்திரன் என்பதே ஊர் நம்பிக்கை.

இப்போது பெயர். ‘கெரிங்’ என்றால் நோய், ‘சிங்’ என்றால் இல்லை. நோயின்மை. துணிக்கு இப்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாலே அதை வெறும் உடையாக நினைக்கவில்லை என்று புரியும். (அந்த ‘சிங்’ எனக்கு மிகப் பிடித்த சொல். பாலி நீரிணைக்கு அந்தப் பக்கம், ஜாவாவின் கிழக்கு முனையில் பன்யுவாங்கியில் வாழும் ஓசிங் மக்களுக்கு அந்தப் பெயர் வந்ததே அவர்கள் பேச்சில் ‘இல்லை’ என்பதற்கு ‘ஓசிங்’ என்று சொல்வதால்தான். ஒரே சொல் ஒரு கரையில் ஒரு மக்களின் பெயரானது, மறுகரையில் ஒரு துணியின் பெயருக்குள் போய் உட்கார்ந்தது.)

சரி, துணி எப்படி உருவாகிறது? சுங்குடி எல்லோருக்கும் தெரியும். நெய்து முடித்த துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவது. கெரிங்சிங் ‘இக்கத்’ என்ற வகை, அது அப்படியில்லை. நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டுக்கட்டாகக் கட்டிச் சாயம் ஏற்றுவார்கள், கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பெரும்பாலான இக்கத் துணிகளில் பாவில் (நெடுக்காக ஓடும் நூல்) மட்டுமோ ஊடையில் (குறுக்காக ஓடும் நூல்) மட்டுமோ இதைச் செய்வார்கள். இரண்டிலும் செய்தால் இரட்டை இக்கத், கெரிங்சிங் அதுதான். பாவு நூலில் ஒரு சிவப்புப் புள்ளி, ஊடை நூலில் ஒரு சிவப்புப் புள்ளி, தறியில் இரண்டும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று வந்து விழ வேண்டும். ஒரு துணி முழுக்க ஆயிரக்கணக்கான இடங்களில் இப்படி விழ வேண்டும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், பாவில் நாலு நூல் அறுந்தாலே அன்றைய பொழுது போய்விடும். இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. உலகத்தில் இரட்டை இக்கத் மரபாக நிலைத்தது மூன்று நாடுகளில்தான்: இந்தியா, ஜப்பான், இந்தோனேசியா. இந்தோனேசியா என்றால் இந்த ஒரு ஊர்.

நூல் பருத்தி. கையால் நூற்றது. பாலிக்குத் தென்கிழக்கே இருக்கும் நூசா பெனிடா தீவிலிருந்து வரும். ஆலை நூல் ஏன் ஆகாது என்றால், கை நூல் தளர்வாக முறுக்கேறியிருக்கும், எண்ணெய் குடிக்கும். ஆமாம், எண்ணெய். சாயத்துக்கு முன் நூலுக்கு எண்ணெய்க் குளியல். கெமிரி என்ற கொட்டையின் எண்ணெய். மலேசியத் தமிழர்கள் புவா கெராஸ் என்று குழம்பில் அரைத்துப் போடுவார்களே, அதே கொட்டை. அந்த எண்ணெயை மரச்சாம்பல் கரைத்த நீரோடு கலந்து, அதில் நூலை ஊறப் போடுவார்கள். வழக்கமாகச் சொல்லும் கணக்கு 42 நாள். பாலி மாதத்துக்கு 35 நாள், அதோடு ஒரு வாரம். குழந்தை பிறந்து 42-ஆம் நாள் சடங்கு நடப்பதும் இதே கணக்கில்தான். பிறகு நூலை எடுத்துக் காயவைத்து, எண்ணெய் நூலுக்குள் நன்றாக இறங்கும்வரை விட்டுவிடுவார்கள்.

இந்த எண்ணெயும் சாம்பலும் எதற்கு? பருத்திக்கு இயல்பாகவே சிவப்புச் சாயம் பிடிக்காது. பட்டு, கம்பளி எல்லாம் எளிதாகப் பிடிக்கும், பருத்தி முரண்டு பிடிக்கும். சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெயை உடைக்கிறது. உடைந்த எண்ணெய் நூலில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் அலுமினியம் ஒட்டுகிறது, அலுமினியத்தின்மேல் வேர்ச்சாயம் ஒட்டுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சிவப்பு நிற்காது, துவைத்தால் போய்விடும். படிகாரம் கைக்கு எட்டாத தீவுகளில், தன் இலையிலும் பட்டையிலும் அலுமினியத்தைச் சேர்த்து வைக்கும் மரங்களைக் கண்டுபிடித்து அவற்றைச் சாயத்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள். வேதியியல் பாடம் இல்லாமல் இதைக் கண்டுபிடித்தவர்கள் யாரோ, அவர்களை நினைத்து நான் பல முறை வியந்திருக்கிறேன்.

இந்த அறிவு பாலிக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரையில் சாயக்காரர்கள் ஒருகாலத்தில் நல்லெண்ணெயையும் காரச் சாம்பல் நீரையும் கலந்து நூலைப் பல நாள் பக்குவப்படுத்திவிட்டுத்தான் சாயவேரில் முக்கினார்கள். ஆந்திராவின் சீராலாவில் நெய்த ‘தேலியா ருமால்’ இன்னும் நெருக்கம். தேலியா என்றாலே எண்ணெய்ப் பசையுள்ளது என்று பொருள். ஆமணக்குக் காயைச் சுட்ட சாம்பலும் எண்ணெயும் சேர்த்து ஊறவைத்த பருத்தி நூல். அதுவும் இரட்டை இக்கத். அதிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற மூன்று நிறம்தான். குஜராத்தின் பாடனில் நெய்யும் படோலா பட்டு இந்தோனேசியத் தீவுகளுக்குக் கப்பல் கப்பலாகப் போயிற்று. அங்கே அதைக் குலச்சொத்தாகப் பெட்டியில் வைத்துக் காத்தார்கள், அதனால் எல்லோரும் கெரிங்சிங்கைப் படோலாவோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள். எனக்கென்னவோ எண்ணெய் மணக்கும் பருத்தி, மூன்று நிறம் இதையெல்லாம் பார்த்தால் வங்கக் கடலோரத்துத் துணிகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்று இதை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் முடிந்த பிறகு கட்டு. நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வடிவக் கணக்குப்படி சிறு சிறு கட்டுகளாகக் கட்டுகிறார்கள். முன்பு ஓலை நார், இப்போது பிளாஸ்டிக் நாடா. முதல் சாயம் அவுரி நீலம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வருகிறது. தெங்கனானில் அவுரிச் சாயம் போடக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. நூலைப் பக்கத்து ஊரான புக்புக்குக்குத்தான் எடுத்துப் போக வேண்டும், அங்கே சில குடும்பங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஊரின் தூய்மைக்கு அடையாளமான துணிக்கு வேண்டிய ஒரு நிறம், ஊருக்கு வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஊர் எவ்வளவு மதில் எழுப்பினாலும் இந்த நூல் மட்டும் வெளியே போய்த்தான் திரும்புகிறது.

திரும்பி வந்த நூலில், சிவப்பாக வேண்டிய இடத்துக் கட்டுகளை மட்டும் அவிழ்ப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய கட்டுகள் அப்படியே இருக்கும். பிறகு வேர்ப்பட்டைச் சாயம். நோனி வேரின் பட்டையை இடித்து, கெபுண்டுங் என்ற மரத்தின் பட்டையையும் சேர்த்து, அந்தச் சாற்றில் நூலை ஊறவைப்பார்கள். பிழிந்து காயவைப்பார்கள், மறுபடி முக்குவார்கள். ஒரு தடவையில் கிடைப்பது வெளிறிய நிறம். பல தடவை முக்கி, இடையிடையே நூலுக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்தால்தான் அந்த உலர்ந்த ஆழ்சிவப்பு வரும். நீலம் ஏறிய இடத்தின்மேல் சிவப்பு விழும்போது அது கருமையாகும். இந்த வேரும் நூசா பெனிடாவிலிருந்தே வர வேண்டும். போதுமான வேர்ப்பட்டை சேரவில்லை என்றால் நூல் அப்படியே தொங்கிக்கொண்டு காத்திருக்கும். இப்போது தெரிகிறதா வருடங்கள் எங்கே போகின்றன என்று? நெய்வதற்குச் சில மாதங்கள் போதும். மீதிக் காலமெல்லாம் நூல் காத்திருக்கும் காலம்.

எண்ணெய் குடித்த நூல் என்பதால் சாயம் ஏறாத இடமும் தும்பைப்பூ வெள்ளையாக இருக்காது, பால்கோவா நிறம் மாதிரி ஒரு மங்கல். சிவப்பு, கருமை, இந்த மங்கல் வெள்ளை, அவ்வளவுதான். நான்காவது நிறம் கிடையாது. சிவப்பைப் பிரம்மாவோடும் நெருப்போடும், கருமையை விஷ்ணுவோடும் நீரோடும், வெள்ளையைச் சிவனோடும் காற்றோடும் சேர்த்துச் சொல்வார்கள். பாலி முழுக்க மணிக்கட்டில் கட்டும் மூவண்ணக் கயிற்றிலும் இதே மூன்று நிறம்தான்.

தறி எளிமையானது. குழித்தறி இல்லை, நெசவாளியின் உடம்பே தறியின் ஒரு பாதி. பாவின் ஒரு முனை கட்டையில் இருக்கும், மறுமுனையை இடுப்பில் வார் போட்டு இழுத்துக்கொண்டு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து நெய்கிறார்கள். பின்னால் சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னால் குனிந்தால் தளரும். சில ஊடை ஓட்டியதும் நிறுத்தி, பாவைத் தளர்த்தி, கூர்முனை ஒன்றால் நூல்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, பாவின் புள்ளியும் ஊடையின் புள்ளியும் சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். சேர்ந்த பிறகுதான் அடுத்த ஊடை. நெசவு கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். இறுக்கி அடித்தால் பாவோ ஊடையோ ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும், இரண்டும் சமமாகத் தெரிந்தால்தான் வடிவம் எழும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சேரும் இடத்தில் முழுச் சிவப்பு, சிவப்பும் கருமையும் குறுக்கிடும் இடத்தில் நடுவே ஒரு மூன்றாம் தொனி. ஓரங்கள் எல்லாப் பக்கமும் லேசாகக் கலங்கியிருக்கும். நீரில் பார்க்கிற மாதிரி.

இன்னொன்று. பாவு தொடக்கமும் முடிவும் இல்லாத வளையமாக ஓடுகிறது. நெய்து முடித்த துணி ஒரு குழாய் போல வெளியே வரும், கடைசியில் ஒரு சாண் அளவுக்கு நெய்யாத பாவு நூல்கள் மட்டும் இருக்கும். உடுத்த வேண்டுமென்றால் அந்த இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டாத துணிக்குத்தான் மதிப்பு அதிகம். அது இன்னும் முழுமை குலையாதது, தெய்வத்துக்குப் படைக்கத் தகுந்தது. வெட்டுவதையும் சும்மா கத்தரி எடுத்து வெட்டிவிடுவதில்லை, அதற்கும் ஒரு சடங்கு உண்டு. தெங்கனானில் முழுமை என்பது பெரிய விஷயம். ஊர்ச் சபையில் உட்காருகிறவர் உடலில் குறையில்லாதவராக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய விதி. அந்த விதியை இன்று நாம் எப்படிப் பார்த்தாலும், ‘நோயின்மை’ என்ற பெயரும் வெட்டாத வளையமும் ஒரே நினைப்பிலிருந்து வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது.

வடிவங்களுக்குப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘செசெம்பகாவான்’ என்றால் செண்பகப் பூ வடிவம், சொல்லே நமக்குப் புரிந்துவிடும். ‘பதுன் துஉங்’ கத்தரி விதை. ‘எஞ்ஜெகான் சியாப்’ கோழி மிதித்த தடம். ‘லுபெங்’ வகையில் தேள் இருக்கும். ‘செம்ப்லோங்’கில் சிறு பூக்களுக்கு நடுவே ஒரு பெரிய பூ. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பவை ‘வாயாங்’ வகைகள். நான்கு முனை நட்சத்திரம் துணியை அரைவட்டங்களாகப் பிரிக்கும், அவற்றுக்குள் மனித உருவங்கள் அமர்ந்திருக்கும். பெண் உருவங்கள் மட்டும் இருந்தால் ‘வாயாங் புத்ரி’. அந்த உருவங்களின் தலைக்கட்டும் உட்காரும் நிலையும் கிழக்கு ஜாவாக் கோயில் புடைப்புச் சிற்பங்களை அப்படியே நினைவூட்டும். நெசவு வடிவங்களில் பாதி கொல்லைப்புறத்திலிருந்தும் பாதி கோயில் சுவரிலிருந்தும் வந்திருக்கின்றன.

பழமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1365-இல் பிரபஞ்சா என்ற மஜபாஹித் கவி எழுதிய நகரகெர்தாகமம் என்ற காவியத்தில், அரசனின் வண்டியை அலங்கரித்த துணியைச் சொல்லும்போது ‘கெரிங்சிங்’ என்ற சொல்லும் ‘லோப்வெங்’ என்ற சொல்லும் சேர்ந்து வருகின்றன. இன்றைய லுபெங்கின் பழைய வடிவம் இது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஜாவாவில் மீன் செதில் போன்ற ஒரு பாத்திக் வடிவத்துக்கும் கெரிங்சிங் என்றுதான் பெயர். அதனால் பெயரை மட்டும் வைத்து, தெங்கனான் துணிக்கு அறுநூற்றைம்பது வயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஊரிலேயே எழுத்தில் இருந்தது கொஞ்சம்தான், அதுவும் 1841-இல் ஊர் தீப்பிடித்தபோது போய்விட்டது. ஊர்ச் சட்ட ஓலை எரிந்துபோய், குளுங்குங் அரசனின் அனுமதியோடு மறு வருடம் நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள்.

இனி, என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி. குழந்தைக்கு முதல் முடி எடுப்பது, பல் ராவுவது, பையன்களும் பெண்களும் இளையோர் சங்கத்தில் சேருவது, கல்யாணம், சாவு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் கெரிங்சிங் வேண்டும். ஆபத்து நெருங்கும் நேரம் அதுதான் என்பது நம்பிக்கை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுகிறவர் இரண்டிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறார். அந்த நேரத்தில் அவரைச் சுற்றி ஒரு காப்பு. நாம் காப்புக் கட்டுவதும் இதே நினைப்பில்தானே.

ஊர் முழுவதும் கெரிங்சிங் உடுத்துவதைப் பார்க்க வேண்டும் என்றால் உசாபா சம்பா திருவிழாவுக்குப் போக வேண்டும். தெங்கனானுக்கென்று தனி நாள்காட்டி உண்டு, அதில் ஐந்தாம் மாதத்தில் இது வரும், நம் கணக்கில் பெரும்பாலும் ஜூன் வாக்கில். கல்யாணமாகாத பெண்கள் மார்பில் கெரிங்சிங் கட்டி, தலையில் பொன் பூக்கள் வைத்து, ராட்டினம் போன்ற ஒரு பெரிய மர ஊஞ்சலில் அமர்ந்திருப்பார்கள், பையன்கள் அதைக் காலால் மிதித்துச் சுற்றுவார்கள். கீழே ‘பெராங் பாண்டான்’ நடக்கும். பாண்டான் என்பது நம் தாழை. இரண்டு ஆண்கள், வெற்று மார்பு, இடது கையில் பிரம்புக் கேடயம், வலது கையில் முள் தாழை மடல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கொத்து. இந்திரனுக்காக ஒருவர் முதுகை ஒருவர் கீறுவார்கள். பக்கத்தில் இரும்புப் பட்டைகளால் ஆன செலோண்டிங் இசை ஒலிக்கும். சில நொடிகளில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும், இருவரும் சிரித்துக்கொண்டு வந்து காயத்துக்கு மஞ்சள் கலந்த மருந்து பூசிக்கொள்வார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த ஊரில் ரத்தம் சிந்தும் இடம் இதுதான். அது மண்ணில் விழுகிறது, சாயப் பானையில் அல்ல.

ஊருக்கு வெளியே, மற்ற பாலிக்காரர்களும் கெரிங்சிங்கைத் தேடி வாங்குவார்கள். பல் ராவும் சடங்கிலும் சாவுச் சடங்கிலும் அதை வைப்பார்கள். பழைய துணியின் ஓரத்திலிருந்து சிறு துண்டை எடுத்து நோய்க்கு மருந்தாகப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது. பழைய துணிகளைப் பார்க்கும்போது ஓரம் கத்தரித்திருந்தால் யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒருவேளை எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் இருந்திருக்கும்.

கடைசியாக, வாங்கலாமா? வாங்கலாம். நெய்கிறவர்களே வீட்டு முன்திண்ணையில் தொங்கவிட்டு விற்கிறார்கள், அந்த வருமானம் வேண்டும் என்றுதான் இளம் பெண்கள் தறியில் உட்காருகிறார்கள். புனிதத் துணியை விற்கலாமா என்ற தயக்கம் உங்களுக்கு வேண்டாம். வெளியாருக்கு விற்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் பாலியின் சந்தைகளில் ‘கெரிங்சிங்’ என்று தொங்குவதில் பெரும்பாலானவை அந்த வடிவத்தை அச்சடித்தவை, இல்லையென்றால் ஊடையில் மட்டும் சாயம் ஏற்றிக் கைத்தறியில் வேகமாக நெய்தவை. விலை அள்ளிக்கொடுக்கிற மாதிரி மலிவாக இருந்தால் அது கெரிங்சிங் இல்லை. பளிச்சென்ற வெள்ளை தெரிந்தால் இல்லை, எண்ணெய் குடித்த நூலுக்கு அந்த வெள்ளை வராது. திருப்பிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வடிவத்தின் ஓரம் நெடுக்கில் மட்டும் அல்லது குறுக்கில் மட்டும் கலங்கியிருந்தால் ஒற்றை இக்கத், இரண்டு திசையிலும் கலங்கியிருந்தால் இரட்டை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நெசவு கொஞ்சம் இடைவெளி விட்டுத் தெரிய வேண்டும்.

முழுத் துணி கைக்கு எட்டாத விலை என்றால், பெண்கள் மார்பில் கட்டும் குறுகலான துணி கிடைக்கும், அதுவும் அசல்தான். வாங்கும்போது வேர்ச்சாயமா என்று நேரடியாகக் கேளுங்கள். எத்தனை தடவை முக்கினார்கள், நீலம் புக்புக்கில் யார் வீட்டில் போட்டது என்று கேளுங்கள். நெய்தவர் கையிலிருந்தே வாங்குகிறீர்கள் என்றால் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் வரும், கூடவே சாயம் காய்ந்துகொண்டிருக்கும் அடுத்த நூலையும் உள்ளேயிருந்து எடுத்து வந்து காட்டுவார்கள். அதை முகர்ந்து பார்க்க மறக்காதீர்கள், கெமிரி எண்ணெயும் வேரும் கலந்த வாசனை இருக்கும். வாங்காமல் பார்க்க மட்டும் ஆசை என்றாலும் ஊருக்குள் போகலாம். பழைய, நல்ல துணிகளின் பெரிய சேகரிப்பு ஒன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர்ஸ் ராம்சேயர் என்ற ஆய்வாளர் அங்கிருந்து வந்து தெங்கனானில் பல ஆண்டுகள் வேலை செய்தவர்.  நெசவைப் பார்க்க வேண்டும் என்றால் தெங்கனான்தான், அதுவும் காலையில், வெயில் தெருவுக்கு வருவதற்கு முன்.